ரோடு போட்டவர் வாசிச்ச பிடில்

ஏலே பேராண்டி, அந்த வட்ட விளக்கைக் கொஞ்சம் அமத்திட்டு இங்க வந்து உக்காரு. கண்ணு கூசுது. நீ அதை வாங்கிட்டு வந்த அன்னைக்கு, செவலைப் பசு ராத்திரி கன்னு போட்டா வெளிச்சம் வேணும்லான்னு அக்கறையா வாங்கியிருக்கேன்னு நெனச்சேன். பெறவுதான் ஒங்க ஆச்சி சொன்னா, அது ஒன் மூஞ்சிக்காம். சரிதான். பசு வெளக்கு இல்லாமலே அழகாத்தான் இருக்கு.

வேலையை விட்டுட்டு முழுநேரமா வயலின் வாசிக்கப் போறேன்னு ஒங்க அம்மைட்ட சொன்னியாமே? வகுப்புல சேந்து எத்தன மாசம், ஏழா? போதும், போதும். கத்திரிச் செடியே மூணு மாசத்துல காய்ச்சிருது. நான் ஒன்னத் தடுக்க மாட்டேன். நீ வீட்டுல இருந்தா எனக்கு லாபம். சும்மா உக்காந்து திங்குத ஆம்பளைன்னு ஒங்க ஆச்சி இத்தன நாளா என்னை ஒத்தையில ஏசுதா. இனிமே பாதி ஏச்சு ஒனக்கு.

ஆனா ஒரு ஆளு கதையைக் கேட்டுட்டு வேலையை விடுத காயிதத்தை எழுது. போன வருசம் ஒங்க அக்கா வீட்டுக்குன்னு வட கரோலினாவுல போயி ஆறு மாசம் கெடந்தேன்லா. பகல்ல வீட்டுல ஆள் கெடையாது, தெருவுல ஆள் கெடையாது, ஏசுததுக்கு ஒரு நாயி கெடையாது. ஒரு ஞாயித்துக்கெழமை மௌண்ட் ஏரின்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. ப்ளூ ரிட்ஜ் மலை அடிவாரம், சர்ரி கவுண்டி. அங்க ஒரு கருங்கல்லு குவாரி இருக்கு. திறந்த வெளியில வெட்டுத குவாரியில ஒலகத்துலயே அதுதான் பெருசுன்னு சொல்லுதாங்க. கருங்கல்லு வெள்ளையா இருக்கதை அங்கதான் பாத்தேன். ஜல்லி ஒடச்சா எத்தன மைலு வரும்னு நான் கணக்குப் போட்டுட்டு இருந்தப்போ, ஒரு கடையில பிடில் சத்தம் கேட்டுது. வழவழன்னு இல்ல. சொரசொரன்னு, ஈர மரத்தை ரம்பத்தால அறுக்கும்போது நடுவுல யாரோ சிரிச்சாப்ல. யாருடான்னு கேட்டேன். டாமி ஜாரல்னாங்க. ஆளு 1985ல செத்துட்டாரு. சங்கீதம் இன்னும் கடையில ஒக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்கு.

வீட்டுக்கு வந்து ஒங்க அக்கா அவரப் பத்தி லெஸ் பிளாங்க் 1983ல எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினா. அரை மணி நேரப் படம்தான். பெரிய வித்துவான் போலிருக்கு, என்ன சம்பளம் வாங்கியிருப்பாருன்னு கேட்டேன். "தாத்தா, அவரு ஒங்க ஆளு. ஹைவேஸ்ல கிரேடர் டிரைவர்"னா. நிமிந்து உக்காந்துட்டேன்லே. நான் 31 வருசம் ரோடு ரோலர் ஓட்டுனவன். ரோலர் அமுக்கும், கிரேடர் சீவும். வயித்துக்குக் கீழ நீட்டமா ஒரு கத்தி இருக்கும். மேடு எங்க, பள்ளம் எங்கன்னு அந்தக் கத்தி வழியா டிரைவரு கைக்குத் தெரியணும். தெரியாதவன் ஓட்டினா ரோடு அலை அலையா நிக்கும், கர்ப்பஸ்திரீ வண்டியில போக முடியாது. அந்தக் கை பிடில் வில்லைப் பிடிச்சிருக்குன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல.

பொறந்தது 1901, மார்ச் 1. ரவுண்ட் பீக்ங்கிற மலைக் கிராமம். அப்பன் பென் ஜாரல் அந்த வட்டாரத்துல பேரு போன பிடில்காரரு. அப்பன் வித்துவான்னா மவனுக்குப் பொறந்தவுடனே வித்தை வந்துருக்கும்னு நெனைக்கியா? இல்ல. ஏழெட்டு வயசுல பையன் மொதல்ல கத்துக்கிட்டது பாஞ்சோ. கத்துக்குடுத்தது அப்பன் இல்ல, தோட்ட வேலைக்கு வந்த கூலியாளு, பாகி காக்கர்ஹம்னு பேரு. ஒனக்குக் கத்துக்குடுக்க மெட்ராஸ்லேர்ந்து ஆளு வேணும், அதுவும் ஆன்லைன்ல. நம்ம தோட்டத்துக்கு வாய்க்கா வெட்ட வாரவன்ட்ட நீ ஒரு வார்த்தை பேசியிருப்பியா? அவன் என்ன வச்சிருக்கானோ, யாரு கண்டா.

பிடில் பெறவுதான் வந்தது, பதிமூணு பதினாலு வயசுல. 1915ல 10 டாலருக்கு ஒண்ணு வாங்கினாரு. ஒன் வயலின் என்ன வெலைன்னு நான் கேக்கல. ஒங்க அப்பன் கேட்டுட்டு ரெண்டு நாளாச் சோறு சரியாத் திங்கல, அதுலேர்ந்து தெரியுது. அந்த 10 டாலர் பிடில் கடைசியில வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வரைக்கும் போயிருக்கு. ஒன்னோடது எங்கயும் போக வேண்டாம், மொதல்ல உறையை விட்டு வெளிய வரட்டும்.

அந்தப் பக்கத்துப் பழைய பிடில்காரங்க ஒரு வேலை செய்வாங்க. கிலுகிலுப்பைப் பாம்பைக் கொன்னா அதோட வாலுக் கிலுக்கை எடுத்து பிடில் வயித்துக்குள்ள போட்டு வச்சிருவாங்க. எலி அண்டாது, ஈரம் சேராது, நாதம் நல்லா வரும்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. நீ ஒன் போன்ல போட்டு வச்சிருக்கியே, எதிரொலி வரவைக்குத ஏதோ ஒண்ணு, அதே காரியந்தான். என்ன, இதுக்குப் பாம்பு அடிக்க வேண்டாம்.

யாருட்ட கத்துக்கிட்டாருன்னு கேட்டா இன்னும் வேடிக்கை. அப்பன்ட்ட, அப்புறம் ஊருல மிச்சமிருந்த கெழவங்ககிட்ட. அதுல ரெண்டு பேரு, அமெரிக்காவுல 1861லேர்ந்து 65 வரைக்கும் வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்டுதே, அந்தச் சண்டையில துப்பாக்கி தூக்கினவங்க. அவங்க திண்ணையில போயி உக்காந்து காதால வாங்கினது. நோட்டுப் புத்தகம் கெடையாது. கெழவன் மறந்துட்டான்னா பாட்டு போச்சு. கெழவன் கோவிச்சுக்கிட்டான்னாலும் போச்சு. அதனாலதான் சொல்லுதேன், நான் கூப்பிடும்போது 'இரு தாத்தா'ன்னு சொல்லாத.

பாஞ்சோவைப் பத்தி ஒரு வார்த்தை. படத்துல தொப்பி போட்ட வெள்ளைக்காரன் மடியில வச்சுத் தட்டுதானேன்னு அது அவன் பாட்டன் சொத்துன்னு நெனச்சிராத. ஆப்பிரிக்காவுலேர்ந்து கப்பல்ல சங்கிலி போட்டுக் கொண்டுவந்த சனங்க, சுரைக்குடுக்கையில தோலைப் போத்தி, கம்பைச் செருகி, நரம்பை இழுத்துக் கட்டி வாசிச்சது. 1840கள்ல வெள்ளைக்காரங்க மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு மேடையேறி அதை வாசிச்சுக் காசு பாத்தாங்க. கடன் வாங்கினவன் வட்டி கட்டாட்டியும், வாங்கின வீட்டையாவது அடையாளம் சொல்லணும்லா.

ரவுண்ட் பீக்ல புடிச்ச பாஞ்சோவுல மெட்டுக் கட்டை இருக்காது. வீணையில மெட்டை எல்லாம் வழிச்சு எடுத்துட்டாப்ல மொழுக்குன்னு இருக்கும். வெரலு சரியான எடத்துல போய் நிக்கணும், நிக்காட்டி பக்கத்து வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். விரலை மடக்கி, நகத்தோட முதுகால மேலேர்ந்து கீழ தட்டணும். கோழி குப்பையைக் கிண்டுதாப்ல. கட்டை விரலு மட்டும் ஓரமா நிக்குத அஞ்சாவது குட்டை நரம்பை விடாம மீட்டிக்கிட்டே இருக்கும், நம்ம ஒத்து மாதிரி. பிடிலையும் சும்மா கடையில வாங்கின சுருதியில வைக்க மாட்டாங்க. ஒரு பாட்டுக்கு ஒரு மாதிரி நரம்பை ஏத்தி எறக்கி, ரெண்டு நரம்பு சேந்து ஒலிக்கிறாப்ல வச்சுக்குவாங்க. ஒண்ணு பாடும், ஒண்ணு கூடவே முனகும். வில்லை நீளமா இழுக்கதும் கெடையாது. குட்டை குட்டையா, தொட்டில் ஆட்டுத மாதிரி முன்ன பின்ன. ஆடுதவன் காலு அந்த வில்லுலதான் கட்டியிருக்கு.

பிடிலு எந்த வழியா நடக்குதோ அதே வழியா பாஞ்சோவும் நடக்கும். ஒண்ணு பாடி ஒண்ணு தாளம் போடுதது இல்ல, ரெண்டும் ஒரே உசுரு. எனக்கு அங்க பக்கத்துலயே இருக்க ஒரு கல்லறை ஞாபகம் வருது. சாங், எங்னு ஒட்டிப் பொறந்த ரெட்டையங்க. 1811ல சயாம்ல பொறந்து, ஊரு ஊராக் காட்சிப்பொருளாக் கெடந்து சம்பாதிச்சு, கடைசியில இதே சர்ரி கவுண்டியில நெலம் வாங்கி, அக்கா தங்கச்சி ரெண்டு பேரைக் கட்டி, ரெண்டு பேருக்குமா 21 புள்ளைங்க. 1874ல ஒரே நாள்ல செத்தாங்க. அப்படிக் காட்சிப்பொருளாக் கெடந்தவங்களே, கையில காசு வந்ததும் அடிமைங்களை வாங்கினாங்கங்கிறதையும் சேத்தே சொல்லணும். கதையில இனிப்பை மட்டும் நக்கிட்டு எந்திரிக்கக் கூடாது.

சரி, கச்சேரி எங்க? சபா எங்க? ஒண்ணும் கெடையாது. அங்க கச்சேரின்னா வீட்டுக் கூடந்தான். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ஜனவரி 6 பழைய கிறிஸ்துமஸ் வரைக்கும், ஏறக்கொறைய ரெண்டு வாரம், ராத்திரிக்கு ஒரு வீடு. கட்டிலு மேசையெல்லாம் தூக்கி வெளிய போட்டுருவாங்க. ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்க நிலைவாசல்ல பிடில்காரனும் பாஞ்சோக்காரனும் உக்காருவாங்க, ரெண்டு பக்கமும் ஆட்டம். நாளைக்கு அடுத்த வீடு. கிறிஸ்துமஸை ஒடச்சு முடிக்கதுன்னு அதுக்குப் பேரு, அதுக்குன்னே ஒரு பாட்டும் உண்டு. பனியில நடந்து போயி, விடிய விடிய வாசிச்சு, காலையில மாட்டுக்குத் தீவனம் போடணும். எத்தன லைக்கு விழுந்துச்சுன்னு எவனும் எண்ணல. ஆடினவங்க காலு வலிச்சதுதான் கணக்கு.

சாராயத்தையும் மறைக்கக் கூடாது. 1909லேயே அந்த மாநிலம் மதுவிலக்குப் போட்டுருச்சு. நாடு முழுக்கப் போட்டது 1920ல. மலைக்காரங்க ரெண்டு வாட்டியும் சட்டத்துக்கு மரியாதை குடுத்து, காட்டுக்குள்ள தள்ளிப் போயிக் காய்ச்சினாங்க. எளவயசுல தானும் காய்ச்சினதை டாமி கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. இந்தப் பகுதியை மட்டும் நீ பாடமா எடுத்துக்காத.

1923ல நினா லோங்கிற பொண்ணைக் கட்டினாரு. 1925ல ரோட்டு வேலையில சேந்தாரு. 1921லதான் அந்த மாநிலம் 5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் போட்டு, நல்ல ரோட்டு மாநிலம்னு பேரு எடுக்கக் கெளம்பியிருந்தது. மலைக்காரனுக்கு மாசச் சம்பளம்னா சும்மாவா?

ரெண்டு வருசங் கழிச்சு, 1927ல, அப்பன் பென் ஜாரல் ரெக்கார்டு குடுக்கப் போனாரு. டகோஸ்டா வோல்ட்ஸுங்கிறவரோட குழு. இண்டியானாவுல ரிச்மண்ட்ங்கிற ஊருல ஜெனட் கம்பெனி. ஸ்டுடியோ ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருந்தது. ரயிலு வந்தா எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிக்கணும், போன பெறகு திரும்ப ஆரம்பிக்கணும். குழுவுல 12 வயசுப் பையன் ஒருத்தன்கூட உண்டு. மவன் டாமி அந்த இசைத்தட்டுல இல்ல. 26 வயசு, கை நல்லா ஓடுத வயசு. நீயா இருந்தா 'என் வாய்ப்பைக் கெடுத்துட்டாங்க'ன்னு அரை மணி நேரம் கேமரா முன்னாடி அழுதிருப்ப. அவரு இங்க ரோடு சீவிக்கிட்டு இருந்தாரு. அப்பன் போட்ட இசைத்தட்டும் அப்பனைப் பணக்காரனாக்கல, அது வேற.

சீவினாரு, 1966 வரைக்கும். 41 வருசம். இந்த எடத்துலதான் கதைக்காரன் வேகமாத் தாண்டுவான், நான் தாண்ட மாட்டேன். அத்தன வருசமும் மனுசன் பிடிலை அதிகமா எடுக்கவே இல்ல. எடுக்கதுக்கு ஆட்டமும் கெடையாது. ரேடியோ வந்துருச்சு, பஞ்சாலை, மேசை நாற்காலிப் பட்டறை எல்லாம் வந்துருச்சு, சனம் மலையை விட்டு எறங்கிருச்சு. எந்த வழியா எறங்குச்சு? டாமி சீவிக் குடுத்த ரோடு வழியாத்தான். தன் பாட்டைத் தின்ன ரோட்டைத் தானே மேடு பள்ளம் இல்லாமப் போட்டுக் குடுத்திருக்காரு. நான் ரோலர் ஓட்டின ரோட்டுலதான் ஒங்க அப்பன் பஸ் ஏறி டவுனுக்குப் போனான், நான் ஒண்ணும் பேசல.

டாமிக்குச் சேக்காளி ஒருத்தரு உண்டு, பிரெட் காக்கர்ஹம். அவரு பாஞ்சோவும் பிடிலும் ரெண்டும் அருமையா வாசிப்பாரு. கொஞ்ச காலம் ரேடியோவுல வாசிச்சே பொழைக்கப் பாத்தவரு. கையில கொறை கெடையாது, காசுலதான் கொறை. அது நடக்கல. ஒனக்கு நடக்கும், நான் சொல்லல. ஒனக்குத்தான் வெளக்கு இருக்கே.

1966ல டாமி ரிட்டையர் ஆனாரு. அடுத்த வருசமே பொண்டாட்டி நினா செத்துட்டா. புள்ளைங்க வளந்து போயாச்சு. டோஸ்ட்ங்கிற சின்ன ஊருல தனி வீடு. ஆமா, ரொட்டியை வாட்டுவாங்களே, அந்த டோஸ்ட்டுதான் ஊரு பேரு.  அந்தக் காலி வீட்டுல மனுசன் பிடிலை எடுத்தாரு.

அப்பத்தான் வந்துதுங்க. தாடியும் சடையுமா, கிழிஞ்ச சட்டையுமா, காலேஜுப் புள்ளைங்க. நியூயார்க்லேர்ந்து ரே ஆல்டன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, கையில ரெக்கார்டிங் மெஷினோட. எங்கேர்ந்தெல்லாமோ எத்தனையோ பேரு. எந்த வழியா வந்தாங்கன்னு நான் திரும்பச் சொல்லணுமா? ரோடு ஒரு வழிப்பாதை இல்லலே. நாப்பது வருசம் முன்ன சனத்தை எறக்கி விட்டுட்டு, இப்போ சனத்தை ஏத்தி விட்டுது.

1968ல கவுண்டின்னு பேருள்ள ஒரு கம்பெனி ஒரு இசைத்தட்டுப் போட்டுது. டாமி, பிரெட், கூட ஆஸ்கர் ஜென்கின்ஸ். இந்த ஆஸ்கரோட அப்பன் பிராங்க் ஜென்கின்ஸும் டாமியோட அப்பனும் 1927ல ஒரே குழுவுல ரயிலு சத்தத்துக்கு நடுவுல வாசிச்சவங்க. அப்பங்காரங்க வெதச்சதை மவங்காரங்க 41 வருசங் கழிச்சு அறுத்தாங்க. 41 வருசம் ரோடு, 41 வருசம் காத்திருப்பு, நானா சோடிச்ச கணக்கு இல்ல.

அப்புறம் விழாவுக்குக் கூப்பிட்டாங்க, ஊரு ஊராக் கூட்டிட்டுப் போனாங்க. 1982ல அமெரிக்க அரசாங்கம் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதுன்னு ஒண்ணை ஆரம்பிச்சு, மொத வருசமே டாமிக்குக் குடுத்துது. அதே வருசம் அதே விருதை வாங்கினவரு பில் மன்றோ. வாழ்நாள் முழுக்க ரேடியோவுலயும் மேடையிலயும் வாசிச்சு, புளூகிராஸ்ங்கிற சங்கீதத்துக்கே தகப்பன்னு பேரு வாங்கினவரு. ரெண்டு பேருக்கும் ஒரே விருது. ஒருத்தரு பஸ்ஸுல சுத்திக்கிட்டே இருந்தாரு, ஒருத்தரு பஸ்ஸு போற ரோட்டைச் சீவிக்கிட்டு இருந்தாரு. நீ எந்தப் பக்கம்னு நீயே பாத்துக்கோ. பில் மன்றோ பக்கம் போணும்னா இன்னும் அம்பது வருசம் பஸ்ஸுல தூங்கணும், ஒனக்கோ டவுன் பஸ்ஸுலயே வாந்தி வருது.

இதெல்லாம் அதிர்ஷ்டம் இல்லையான்னு கேப்ப. கேளு, தப்பில்ல. அதிர்ஷ்டமும் உண்டு. அதே மலையில அதே மாதிரி வாசிச்சவங்க எத்தன பேரு, வெளியூர்க்காரன் மெஷினைத் தூக்கிட்டு வாரதுக்கு முன்னாலயே மண்ணுக்குள்ள போயிட்டாங்க. டாமி வயசு ஒத்துழைச்சுது. ஆனா வந்தவங்க ஒரு வாட்டி ரெக்கார்டு பண்ணிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம்லா? ஏன் திரும்பத் திரும்ப வந்தாங்க? அந்தப் படத்துல பாத்தேன். மனுசன் பேசுதாரு, சிரிக்காரு, வாசிக்காரு, திரும்பப் பேசுதாரு. வந்தவங்களை வாடிக்கையாப் பாக்கல, விருந்தாளியாப் பாத்தாரு. திங்கக் குடுத்து, படுக்க எடம் குடுத்து, ராத்திரி எந்நேரம் ஆனாலும் இன்னொரு பாட்டு, காலையில எந்திரிச்சா திரும்ப சாப்பாடு. போறேன்னா அதுக்குள்ள என்னன்னு கேக்குத ஆளு. தன் பிடில் வித்தையில ஒண்ணையும் முந்தியில முடிஞ்சு வைக்கல. வெரலைப் பாரு, வில்லைப் பாரு, புடிச்சுக்கோன்னு விட்டுட்டாரு. அந்தச் சடைப் புள்ளைங்க எல்லாம் இன்னைக்குத் தாத்தாவா ஆயி, அவரு வாசிச்ச மாதிரியே வாசிக்காங்க. மௌண்ட் ஏரியில அவரு பேருல வருசா வருசம் விழாவும் நடக்கு.

1985, ஜனவரி 28ல போயிட்டாரு. 83 முடிஞ்சு 84 நெருங்குத வயசு. என் வயசு அதுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு, அதனால நீ முழிக்காத.

என்னலே, வேலையை விடுத காயிதத்தை மடிச்சு உள்ள வைக்க? நான் ஒண்ணும் சொல்லலையே. எழுது, எழுது, கையெழுத்து மட்டும் நல்லா இருக்கட்டும். நீ வீடியோ போடுத அக்கவுண்டுல ஒனக்கு எத்தன பாலோயரு, 340ஆ? இருக்கட்டும். அதுல யாராவது வயலின் கேக்கணும்னு நேரா வீட்டுக்கு வாரதா இருந்தா, முந்தின நாளே ஒங்க ஆச்சிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. 340 பேருக்கு அரிசி ஊறப் போடணும்லா.